ஆட்டுப்பாலா, பசும்பாலா? முதலில் அடுப்பைப் பற்றவையுங்கள்

"அக்கா, பாப்பாவுக்கு எட்டு மாசம் ஆகுது. பசும்பால் குடுத்தா வயிறு உப்புது. ஆட்டுப்பால் குடு, அதுவும் காய்ச்சாம கறந்த சூட்டோட குடு, தாய்ப்பாலுக்கு அடுத்தது அதுதான்னு ஒருத்தர் சொல்றார். குடுக்கவா?"

சித்தி மகள் போனில் ஒரே மூச்சில் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டாள். ஆட்டுப்பால் நல்லதா பசும்பால் நல்லதா என்பது ஒன்று. காய்ச்சலாமா கூடாதா என்பது இன்னொன்று. ஒரு வயது ஆகாத குழந்தைக்கு இவற்றில் எதையாவது கொடுக்கலாமா என்பது மூன்றாவது. ஊரில் எல்லோரும் வாய் வலிக்கப் பேசுவது முதல் கேள்வியைத்தான். எனக்கென்னவோ மூன்றில் எடை குறைந்தது அதுதான் என்று படுகிறது. ஆனாலும் கேட்டுவிட்டாளே, அதிலிருந்தே வருகிறேன்.

இரண்டு பாலையும் ஒரே நாளில் கறந்தபடி வாங்கி, ஆளுக்கொரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி, ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி வைத்துப் பார்த்தேன். காலையில் பசும்பால் டம்ளரின் மேல்பக்கம் விரல் நகத்தளவுக்கு மஞ்சள் பாய்ந்த ஏடு கட்டியிருந்தது. ஆட்டுப்பால் அடியிலிருந்து நுனிவரை ஒரே வெள்ளை. இரண்டிலும் கொஞ்சம் எடுத்து வெதுவெதுப்பாக்கி எலுமிச்சைச் சாறு விட்டேன். பசும்பால் கட்டிகட்டியாகத் திரண்டது. ஆட்டுப்பால் பஞ்சுத் துணுக்குகள்போல மெல்லியதாகத் திரிந்து மிதந்தது. ஆட்டுப்பால் உயர்ந்தது என்பவர்கள் சொல்லும் பாதிச் சமாச்சாரம் இந்த இரண்டு டம்ளருக்குள் அடக்கம்.

ஏடு கட்டாததற்குக் காரணம் உண்டு. ஆட்டுப்பாலில் கொழுப்புத் துளிகள் சராசரியாகச் சற்றுச் சிறியவை. அதோடு, பசும்பாலில் இந்தத் துளிகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்து மேலே தூக்கிவரும் ஒரு புரதம் ஆட்டுப்பாலில் இல்லை. அதனால் கொழுப்பு பால் முழுக்கப் பரவியே நிற்கிறது. சின்னத் துளி என்றால் செரிமான நொதிகள் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும், ஆகவே எளிதில் செரிக்கும் என்று வாதம் போகிறது. வாதம் தவறில்லை. ஆனால் பாக்கெட்டில் வரும் பசும்பால் ஹோமோஜினைஸ் செய்யப்பட்டது என்றால், அதன் கொழுப்புத் துளிகளை இயந்திரம் ஏற்கெனவே ஆட்டுப்பாலில் இருப்பதைவிடச் சிறிதாக உடைத்துவிட்டிருக்கும். துளியின் அளவை வைத்து மட்டும் ஆட்டுப்பாலுக்கு மாறுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

வெள்ளை நிறத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. பசு, தழையிலுள்ள கரோட்டினில் ஒரு பங்கைப் பாலில் அப்படியே விட்டுவிடுகிறது; அதுதான் அந்த மஞ்சள். ஆடு அத்தனை கரோட்டினையும் வைட்டமின் ஏ ஆக மாற்றித் தருகிறது. வெளுத்திருப்பதால் ஆட்டுப்பால் தூய்மையானது என்றும் இல்லை, மஞ்சளாக இருப்பதால் பசும்பாலில் சத்து அதிகம் என்றும் இல்லை. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆளைப் பற்றிச் சொல்வார்களே, அது இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும்.

எலுமிச்சை விட்டபோது திரிந்த விதத்துக்குக் காரணம் கேசீன் என்ற பால் புரதம். பசும்பாலில் நிறைய இருக்கும் ஆல்ஃபா எஸ்1 கேசீன் ஆட்டுப்பாலில் பொதுவாகக் குறைவு. எவ்வளவு குறைவு என்பது ஆட்டின் இனத்தையும் மரபையும் பொறுத்தது. அதனால் வயிற்றில் கட்டும் திரட்டும் மென்மையாக இருக்கும். பசும்பால் குடித்ததும் வயிறு கல்லாகிவிட்டது போல உணரும் சிலருக்கு ஆட்டுப்பால் இதமாக இருப்பதற்கு இது காரணமாக இருக்கலாம். ஏ1 பாலா, ஏ2 பாலா எது நல்லது என்ற சண்டையும் கேசீனில்தான். பீட்டா கேசீன் சங்கிலியில் 67ஆம் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதுதான் அந்த வித்தியாசம். ஆட்டுப்பால் ஏ2 வகையைச் சேர்ந்தது. ஏ1 பால் இதய நோயையும் சர்க்கரை நோயையும் கொண்டுவருகிறது என்ற பேச்சை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009இல் அலசிப் பார்த்துவிட்டு, அப்படியொரு காரணத் தொடர்பு நிறுவப்படவில்லை என்றது. வயிற்று உப்புசம் விஷயத்தில் சிலருக்கு ஏ2 ஒத்துப்போவதாகச் சில சிறிய சோதனைகள் சொல்கின்றன. அதற்கு மேல் அந்த எழுத்துக்கு எண் போட்டு விற்கிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

சத்துக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 100 கிராம் ஆட்டுப்பாலில் சுமார் 3.6 கிராம் புரதம், 4.1 கிராம் கொழுப்பு, 134 மில்லிகிராம் கால்சியம். கொழுப்பு எடுக்காத பசும்பாலில் அதே வரிசையில் 3.2, 3.3, 113. தீவனமும் இனமும் மாறினால் இந்த எண்களும் மாறும். பொட்டாசியமும் ஆட்டுப்பாலில் கூடுதல். நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு அமிலங்களும் அதிகம். கேப்ரோயிக், கேப்ரிலிக், கேப்ரிக் என்று அவற்றுக்குப் பெயர் வந்ததே லத்தீனில் ஆட்டைக் குறிக்கும் 'காப்ரா' என்ற சொல்லிலிருந்துதான். இவை உடலில் சீக்கிரம் எரிசக்தியாகும். ஆட்டுப்பாலின் மொச்சை வாடைக்கும் இந்தக் கூட்டத்துக்குப் பங்குண்டு. கறந்து ஆறவிடாமல் வைத்தாலோ, கொள்கலத்தில் போட்டு அலசிக் குலுக்கினாலோ வாடை ஏறும். கிடா கூடவே நின்றால் கேட்கவே வேண்டாம்.

பசும்பால் ஜெயிக்கும் இடம் வைட்டமின் பி12. பசும்பாலில் 100 கிராமுக்கு 0.45 மைக்ரோகிராம் இருக்கும், ஆட்டுப்பாலில் 0.07தான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2.4 தேவை. கால் லிட்டர் பசும்பால் அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கொடுத்துவிடும். அதே அளவு ஆட்டுப்பால் பத்தில் ஒரு பங்குகூடத் தராது. இறைச்சி, மீன், முட்டை எதுவும் தொடாமல் பாலை மட்டுமே நம்பியிருக்கும் ஒருவர் பசும்பாலைவிட்டு முழுக்க ஆட்டுப்பாலுக்கு மாறினால் இந்த ஓட்டை சில வருடம் கழித்துத்தான் தெரியவரும்: கால் மரத்துப்போவது, மறதி, இரத்தசோகை என்று. ஆட்டுப்பாலைப் புகழும் யாரும் இதை எனக்குச் சொன்னதில்லை.

பாலில் இருக்கும் சர்க்கரையான லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆட்டுப்பால் மருந்து என்பார்கள். ஆட்டுப்பாலில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 4.4 கிராம் லாக்டோஸ், பசும்பாலில் 4.8. ஒரு டம்ளருக்கு ஒரு கிராம்தான் வித்தியாசம். லாக்டோஸ் செரிக்காதவர்களிலும் பலர் ஒரு நேரத்தில் 12 கிராம் வரை தாங்குவார்கள். அது கால் லிட்டர் பசும்பால். ஆட்டுப்பால் குடித்து ஒருவருக்கு வயிறு சரியானது என்றால் அது லாக்டோஸால் அல்ல. மேலே சொன்ன கேசீன் விஷயமாக இருக்கலாம், அல்லது முன்பைவிடக் குறைத்துக் குடித்திருக்கலாம்.

அலர்ஜி இதைப் போல லேசான விஷயமில்லை. பசும்பால் புரதம் அலர்ஜி என்று உறுதியான குழந்தைகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆட்டுப்பாலும் ஆகாது. இரண்டு பாலின் புரதங்களும் அத்தனை ஒத்திருக்கின்றன. உடலின் காவல் படைக்கு ஆடு எது மாடு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. உதடு வீங்குதல், தோல் தடிப்பு, மூச்சுத் திணறல் வந்த குழந்தைக்கு "மாட்டுப்பால்தானே ஆகாது" என்று ஆட்டுப்பாலை வீட்டிலேயே கொடுத்துச் சோதித்துப் பார்ப்பது விளையாட்டல்ல.

கைக்குழந்தை

என் தங்கையின் கேள்விக்கு நேரடி பதில்: எட்டு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலின் இடத்தில் இரண்டு பாலுமே கூடாது. ஒரு வயது ஆகட்டும்.

காரணம் கணக்கில் இருக்கிறது. தாய்ப்பாலில் 100 மில்லிக்கு ஒரு கிராம் அளவுக்குத்தான் புரதம். ஆட்டுப்பாலிலும் பசும்பாலிலும் அதைப் போல மூன்று மடங்குக்கு மேல். தாதுக்களும் அப்படியே. முதிராத சிறுநீரகம் இந்தக் கழிவை வெளியேற்றத் திணறும்; கூடவே வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்து உடலில் நீர் குறைந்தால் நிலைமை மோசமாகும். இரும்புச்சத்து இரண்டிலும் இல்லாததுபோலத்தான். பசும்பால் சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தக் கசிவையும் உண்டாக்கும். இரண்டும் சேர்ந்து இரத்தசோகையில் கொண்டுபோய் விடும்.

ஆட்டுப்பாலுக்கு மட்டும் தனியாக ஒரு குற்றச்சாட்டு உண்டு. அது இரத்தம் ஊற வேண்டிய பி வைட்டமின்களில் ஒன்றான ஃபோலேட். 7 முதல் 12 மாதக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 80 மைக்ரோகிராம் ஃபோலேட் வேண்டும். ஒரு லிட்டர் ஆட்டுப்பாலில் இருப்பது ஏறத்தாழ 10. குழந்தை நாள் முழுக்கக் குடித்தாலும் தேறாது. ஆட்டுப்பாலை மட்டுமே கொடுத்து வளர்த்த குழந்தைகளுக்குச் சிவப்பணுக்கள் பெருத்துப்போய் வரும் இரத்தசோகையை ஜெர்மானிய மருத்துவர்கள் 1920களிலேயே 'ஆட்டுப்பால் இரத்தசோகை' என்று பெயர் வைத்தே எழுதியிருக்கிறார்கள். நூறு வருடமாகத் தெரிந்த சங்கதி. இப்போதும் யாரோ ஒருவர் தாய்ப்பாலுக்கு அடுத்தது ஆட்டுப்பால் என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

ஆட்டுப்பாலிலிருந்து தயாரித்த குழந்தைப் பால்பவுடர் இதில் சேராது. அதில் ஃபோலேட், பி12, இரும்பு எல்லாம் சேர்த்து, புரதத்தைக் குறைத்துச் சரிசெய்கிறார்கள். ஆட்டுப்பால் புரதம் அதற்குப் பொருந்தும் என்று அதே ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012இல் ஒப்புக்கொண்டது. ஆட்டுப்பாலைப் பாத்திரத்தில் பிடித்துத் தண்ணீர் கலந்து கொடுப்பது வேறு, இது வேறு.

காய்ச்சாத பால்

இனிதான் விஷயம். ஆட்டுப்பாலுக்கும் பசும்பாலுக்கும் உள்ள வித்தியாசம் மில்லிகிராம்களில். காய்ச்சிய பாலுக்கும் காய்ச்சாத பாலுக்கும் உள்ள வித்தியாசம் ஆஸ்பத்திரிப் படுக்கையில்.

மால்டா தீவில் இருந்த பிரிட்டிஷ் படைவீரர்களை ஒரு விசித்திரக் காய்ச்சல் வாட்டியது. ஏறும், இறங்கும், போய்விட்டது என்று நினைக்கும்போது திரும்ப வரும். வேர்த்து ஊற்றும், முதுகும் மூட்டும் விட்டுப்போகும், மாதக்கணக்கில் நீளும். காரணமான பாக்டீரியாவை ராணுவ மருத்துவர் டேவிட் புரூஸ் 1887இல் அறிவித்தார். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பதினெட்டு வருடம் போனது. அங்கே ஆடுகளைத் தெருத்தெருவாக ஓட்டிவந்து வாசலிலேயே கறந்து கொடுப்பார்கள். கண்ணெதிரே கறந்த பால், கலப்படம் இல்லை, ஆடும் திடகாத்திரமாக நிற்கிறது, யாருக்குச் சந்தேகம் வரும்? 1905இல் தெமிஸ்டோகிளிஸ் ஸம்மிட் என்ற மால்டா மருத்துவர் ஆடுகளின் இரத்தத்தைச் சோதித்தார். ஏறத்தாழ பாதி ஆடுகளுக்குத் தொற்று இருந்தது. பத்தில் ஒன்று பாலிலேயே கிருமியை வெளியேற்றிக்கொண்டிருந்தது. ஆடுகளுக்கு ஒரு நோய்க்குறியும் இல்லை. அதே ஆண்டு மால்டா ஆடுகளை அமெரிக்காவுக்கு ஏற்றிச் சென்ற ஜோஷுவா நிக்கல்சன் என்ற கப்பலில், வழியில் அந்தப் பாலைக் குடித்த மாலுமிகளும் காய்ச்சலில் விழுந்தார்கள். 1906இல் படைவீரர்களுக்கு ஆட்டுப்பாலை நிறுத்தினார்கள். காய்ச்சல் சரசரவென்று இறங்கியது.

அந்தக் கிருமிதான் புருசெல்லா மெலிடென்சிஸ். புருசெல்லாவில் பசுவுக்கென்று ஒரு வகை உண்டு, ஆட்டுக்கும் செம்மறிக்கும் என்று ஒரு வகை உண்டு. மனிதனை அதிகம் படுத்துவது ஆட்டு வகை. இன்றும் இரண்டு ஆன்டிபயாடிக்குகளைச் சேர்த்து ஆறு வாரமாவது சாப்பிட்டால்தான் அடங்கும். ஆகவே பச்சையாகக் குடிப்பதற்கு ஆட்டுப்பால் பசும்பாலைவிடப் பத்திரம் என்கிற பேச்சு இந்த ஒரு நோயில் தலைகீழ். "எங்க வீட்டு ஆடு, தழை மேய்ஞ்சு வளர்ந்தது, ஒரு நோய் கிடையாது" என்று சொல்கிறவர்களிடம் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. மால்டாக்காரர்களும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

பசும்பாலின் பழைய பாவம் காசநோய். பசுவின் காசநோய்க் கிருமி மனிதனைப் பெரிதாகத் தாக்காது என்று ராபர்ட் கோக் 1901இல் லண்டன் மாநாட்டில் சொன்னார். காசநோய்க் கிருமியையே கண்டுபிடித்தவர் அவர். அவர் சொன்னால் மறுபேச்சு ஏது? ஆனாலும் பிரிட்டனில் ஒரு விசாரணைக் குழு பத்து வருடம் ஆராய்ந்து அது தவறு என்று காட்டியது. பாலால் வரும் காசநோய் குழந்தைகளின் கழுத்தில் நெறிகட்டியாகவும், குடலிலும் எலும்பிலும் தங்கியும் வந்தது. ஆட்டுக்குக் காசநோய் வராது என்று இன்னமும் சிலர் நம்புகிறார்கள். வரும். ஆட்டிலிருந்து பிரித்தெடுத்து ஆட்டின் பெயரையே வைத்த மைக்கோபாக்டீரியம் காப்ரே என்ற வகைகூட உண்டு.

ஆட்டுக்குச் சாதகமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பசுவின் சாணம் ஈரமானது. படுத்து எழுந்தால் மடியில் அப்பிக்கொள்ளும். ஆட்டுப் புழுக்கை காய்ந்து உருண்டு ஓடிவிடும். கறக்கும்போது பாலில் சாணத் துணுக்கு விழும் வாய்ப்பு ஆட்டில் குறைவு. ஆனால் குறைவு என்பது இல்லை என்பதாகாது. ஈ.கோலை ஓ157 என்ற வகை நூறுக்கும் குறைவான கிருமிகள் உள்ளே போனாலே போதும், சிறு குழந்தைகளின் சிறுநீரகத்தை முடக்கிவிடக்கூடும். அது பசுவின் குடலில்தான் அதிகம் குடியிருக்கிறது, ஆட்டிலும் உண்டு. கம்பைலோபாக்டர், சால்மோனெல்லா, கியூ காய்ச்சல் தரும் காக்ஸியெல்லா ஆகிய கிருமிகள் எல்லாம் இரண்டுக்கும் பொது. லிஸ்டீரியா என்ற கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும். கர்ப்பிணிக்குக் கருச்சிதைவில் கொண்டுபோய் விடும். மத்திய ஐரோப்பாவில் உண்ணி கடித்த ஆட்டின் பச்சைப்பாலில் மூளைக்காய்ச்சல் வைரஸ் வரும். 1951இல் ஸ்லோவாக்கியாவின் ரோஷ்ணாவாவில் அப்படி நூற்றுக்கணக்கானோருக்கு வந்தது. 2024 மார்ச்சில் அமெரிக்கப் பசுக்களின் பாலில் எச்5என்1 பறவைக்காய்ச்சல் வைரஸைக் கண்டுபிடித்தார்கள். பாஸ்டரைஸ் செய்தால், அதாவது கிருமி சாகும் அளவு சூட்டில் சிறிது நேரம் வைத்தால், அது செயலிழக்கிறது.

சரி, காய்ச்சினால் என்ன போகிறது? பி வைட்டமின்களில் சிலது கொஞ்சம், வைட்டமின் சி கொஞ்சம். வைட்டமின் சிக்காக யாரும் பால் குடிப்பதில்லை. கால்சியம் எங்கும் போவதில்லை. புரதத்தின் உருவம் சற்று மாறுமே தவிர அதன் சத்து குறைவதில்லை. பச்சைப்பாலில் லாக்டோஸைச் செரிக்கும் நொதி இருக்கிறது என்பார்கள். பாலில் அந்த நொதியே கிடையாது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாத 16 பேருக்குப் பச்சைப்பாலும் பாஸ்டரைஸ் செய்த பாலும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். 2014இல் வெளியான முடிவு: பச்சைப்பாலால் ஒரு பலனும் இல்லை.

பச்சைப்பால் கட்சிக்கு உண்மையிலேயே பலமான ஒரு சான்று இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து நாடுகளின் கிராமப்புறக் குழந்தைகளை வைத்து 2011இல் வெளிவந்த கேப்ரியேலா ஆய்வில், பண்ணையின் காய்ச்சாத பால் குடித்தவர்களுக்கு ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் குறைவாக இருந்தன. காய்ச்சிய பண்ணைப்பாலில் அந்தப் பலன் தெரியவில்லை. பால் திரிந்ததும் பிரியும் தண்ணீரில் இருக்கும், சூட்டில் உருமாறும் புரதங்கள் காரணமாக இருக்கலாம் என்பது ஊகம். ஆனால் அது தொடர்பைக் காட்டும் ஆய்வே தவிர, குடித்தால் வராது என்று நிரூபித்த சோதனை அல்ல. பச்சைப்பாலைக் கொடுங்கள் என்று அந்த ஆய்வாளர்களே பரிந்துரைக்கவில்லை. ஆஸ்துமா வராமல் இருக்கலாம் என்ற 'லாம்'க்காகச் சிறுநீரகத்தைப் பணயம் வைக்க நான் தயாரில்லை.

வீட்டில் காய்ச்சுவது பெரிய வித்தையல்ல, ஒன்றைத் தவிர. பால் பொங்கி வருவது கொதிப்பதற்கு அடையாளம் இல்லை. ஆடையின் அடியில் நுரை கட்டி, கொதிநிலை வருமுன்பே மேலே எழும்பிவிடும். அதைப் பார்த்ததும் அடுப்பை அணைத்தால் ஓரமும் நடுவும் ஒரே சூட்டில் இருக்காது. தீயைத் தணித்து, கரண்டியால் கிளறிவிட்டு, மறுபடி நன்றாகக் கொதிக்க ஒரு நிமிடம் விடுங்கள். பாஸ்டரைஸ் செய்யும் கணக்கு 72 டிகிரியில் 15 விநாடி, அல்லது 63 டிகிரியில் அரை மணி. கொதி அதைத் தாண்டியது. ஆட்டுப்பால் பசும்பாலைவிடச் சூட்டுக்குச் சற்று நலிந்தது. அடிகனமான பாத்திரமும் மிதமான தீயும் வேண்டும். கறந்து நெடுநேரம் வெளியில் கிடந்த பால் அடுப்பிலேயே திரிந்துபோகலாம். காய்ச்சியதும் ஆறவிட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். கெட்டி உறைக்குள் விதைபோலப் பதுங்கிக் கொதிக்குத் தப்பும் கிருமிகள் சில உண்டு. பச்சைப்பாலை உறைய ஊற்றித் தயிராக்கினாலோ பாலாடைக்கட்டி ஆக்கினாலோ கிருமி செத்துவிடும் என்று நம்ப வேண்டாம். புதுப் பாலாடைக்கட்டியில் புருசெல்லா வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

இரண்டையும் காய்ச்சித்தான் குடிப்பது என்று முடிவாகிவிட்டால், மிச்சம் உங்கள் வயிறும் நாக்கும் சொல்வதுதான். பசும்பால் கனமாகத் தெரிகிறது, அலர்ஜி இல்லை என்றால் ஆட்டுப்பாலை இரண்டு வாரம் பாருங்கள். சைவ உணவுக்காரர் என்றால் பி12க்கு வேறு வழி வைத்துக்கொண்டு மாறுங்கள், இல்லையேல் பசும்பாலிலேயே இருங்கள். கொழுப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொன்னவருக்குக் கொழுப்பு நீக்கிய பசும்பால் கிடைப்பது சுலபம். எனக்கு இரண்டும் ஒத்துக்கொள்கிறது. வாடை பிடிக்காததால் நான் பசும்பால்.

தங்கை குழந்தையை டாக்டரிடம் காட்டினாள். தாய்ப்பாலோடு, போதாததற்குப் பால்பவுடர், ஆறு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டதால் இரும்புச்சத்துள்ள உணவு என்று ஏற்பாடாயிற்று. அடுத்த வாரம் மறுபடி போன் பண்ணினாள்.

"அக்கா, அந்த ஆட்டுப்பால்காரர்கிட்டயே கேட்டுட்டேன். அவர் வீட்ல காய்ச்சித்தான் குடிக்கிறாங்களாம்."